மிளகாய்க் காரமும் சிலந்தி விஷமும்



சிலந்தியைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடுகிறவர்கள் நாம். உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி நிற்கும் டாரன்டுலாவைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். ஆனால், அது கடித்து மனிதர் இறந்ததாக நம்பத்தக்க மருத்துவப் பதிவு இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் 'பொயிசிலோதீரியா' வகை மட்டும் சற்றுப் பொல்லாதது. அது கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வந்து வந்து போகும்.

இந்த விஷம் எப்படி வேலை செய்கிறது? நரம்பிலும் தசையிலும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. விஷத்திலுள்ள சிறு புரதங்கள் அவற்றில் சிலவற்றைத் தேடிப்பிடித்து அடைத்துவிடும், அல்லது திறந்துவிடும். சிலந்தி கடித்த பூச்சி முடங்குவது இப்படித்தான்.

டிரினிடாட் தீவுச் சிலந்தி ஒன்றின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் விஷத்தில் மூன்று புரதங்கள், மிளகாயின் காரத்தை உணரும் அதே வாயிலைத் திறப்பதாக ஆய்வாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 2006இல் கண்டார்கள். நம்மை 'உஸ்... உஸ்' என்று ஊதவைக்க மிளகாய்ச் செடி பிடித்த இடத்தையே, கடலுக்கு அப்பால் ஒரு சிலந்தியும் பிடித்திருக்கிறது! சிலி நாட்டுச் சிலந்தியின் புரதம் ஒன்று இதற்கு நேர்மாறு. அழுத்தத்தை உணரும் வாயில்களை அது அடைக்கிறது. முயலின் இதயத்தில் தாறுமாறான துடிப்பை அது அடக்கியதாக 2001இல் ஆய்வு வெளியானது. காரத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களைக் கண்டறிந்ததற்காக ஜூலியசும் ஆர்டெம் படபூடியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பெரு நாட்டு இனம் ஒன்றின் விஷம், வலியைக் கடத்தும் சோடியம் வாயிலை அடைக்கிறது. அந்த வாயில் பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு வலியே தெரியாது என்பதால், மருந்து ஆய்வாளர்களுக்கு இதில் பெரிய ஆசை. ஆனால், இதயத்திலும் தசையிலும் அதே சாயலில் வேறு வாயில்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடாமல் இதை மட்டும் அடைப்பதுதான் பெரும்பாடு. ஆகவே 'சிலந்தி விஷ வலிநிவாரணி' என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் சொன்ன பொல்லாத வகைக்குத் திரும்புவோம். ராமேசுவரத்தில் ஒரு கோயிலின் பெயரைத் தாங்கிய 'பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா' என்ற இனம் இருக்கிறது. 2004இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் அதுவும் ஒன்று. செல்லப்பிராணிச் சந்தைக்காகவும் இந்தச் சிலந்திகளைப் பிடிக்கிறார்கள். 2019 முதல் இந்த வகை முழுவதன் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

தோப்பு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய புளியமரத்தை வெட்டுமுன் பொந்துகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்