பெரியப்பாவின் புல்லட்டும் பச்சை பெயிண்ட்டும்

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ஒரு சண்டை. சொத்துத் தகராறு இல்லைங்க, பெயிண்ட் தகராறு.

பெரியப்பாகிட்ட ஒரு டிஸ்போசல் புல்லட் இருக்கு. ராணுவம் ஓட்டி முடிச்சு ஏலத்துல விட்ட வண்டி, 1986ல வாங்கினார். டோல்கேட்ல எங்க தெருமுனையில அந்த சத்தம் கேட்டாலே, பெரியப்பா ஹார்பர்ல ஷிப்ட் முடிச்சு வந்துட்டார்னு அர்த்தம். அவர் ரிட்டயர் ஆன பிறகு வண்டி மாடிப்படிக்குக் கீழ தார்ப்பாய் போர்த்திக் கிடக்கு. இப்ப அண்ணன் (பெரியப்பா பையன்) அதை ரெஸ்டோர் பண்ணப் போறேன்னு கிளம்பியிருக்கார். கறுப்பு பெயிண்டை மொத்தமா சுரண்டிட்டு, மிலிட்டரி பச்சை அடிச்சு, டேங்க்ல வெள்ளை நட்சத்திரம் வேற. "போர்க்களத்துல இருந்து நேரா வந்த மாதிரி இருக்கும்டா. இதுக்குன்னே தேடி வாங்குறவங்க இருக்காங்க" என்கிறார்.

முதல் சிக்கல், சட்டம். 1989ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121வது விதிப்படி, ஆலிவ் பச்சை நிறம் ராணுவ வண்டிக்கு மட்டும்தான். ராயல் என்ஃபீல்ட் கம்பெனியே இதைத் தாண்ட முடியலை. இரண்டாம் உலகப்போர்ல விமானத்துல கொண்டுபோய் பாராசூட்ல இறக்கின 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற அவங்க 125 சிசி குட்டி பைக் ஞாபகமா, 2018ல பெகாசஸ்னு ஒரு மாடல் விட்டாங்க. உலகம் முழுக்க 1000 வண்டி மட்டும். வெளிநாட்டுல பச்சை, பிரவுன் ரெண்டும் கிடைச்சது. நமக்கு பிரவுன் மட்டும்தான்!

பழைய ராணுவ வண்டி சேர்க்கிறவங்களுக்கு இது பெரிய வருத்தம். நிஜமான வண்டியை வச்சிருக்கேன், அதோட நிஜமான நிறத்தை அடிக்கக் கூடாதான்னு கேட்கிறாங்க. கேள்வி நியாயம்தான். ராணுவ வண்டின்னு நம்பி யாரும் ஏமாறக் கூடாது என்கிற விதியும் நியாயம்தான்.

ஆனா என் கட்சி வேற. நாளைக்கே அந்த விதியை எடுத்துட்டாலும் அந்தப் பச்சை வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

ஜீப்பை எடுத்துக்கோங்க. 1941ல இருந்து 1945 வரைக்கும் வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. போர் முடிஞ்சதும் அதுல பலது ஏலத்துல பொதுமக்கள் கைக்கு வந்தது. 1947ல மகிந்திரா பாகங்களை இறக்கி இங்கேயே ஜீப் பூட்ட ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு சிலர் என்ன பண்றாங்கன்னா, பிற்காலத்து ஜீப்ல முன்பக்க கிரில்லைக் கழட்டிட்டு வேற கிரில் மாட்டி, நட்சத்திரம் போட்டு 'வேர்ல்ட் வார் ஜீப்' ஆக்கிடறாங்க. போர்க்கால ஜீப் கிரில்ல ஒன்பது ஓட்டை, அப்புறம் வந்த சிவிலியன் ஜீப்ல ஏழு. ஃபோர்டு செஞ்ச ஜீப்ல போல்ட் தலையில கூட F எழுத்து இருக்கும். தெரிஞ்சவன் குனிஞ்சு பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும்.

போலி வண்டியை விடுங்க. நிஜமான போர்க்கால ஜீப்பையே எடுத்துக்குவோம். அது ராணுவத்துல இருந்தது நாலஞ்சு வருஷம். அதுக்கப்புறம் நாப்பது அம்பது வருஷம் எஸ்டேட்ல டீ மூட்டை, மலைக்கிராமத்துல பிரசவ கேஸ், எலெக்‌ஷன்ல மைக் செட்டுனு சுமந்திருக்கும். ரெஸ்டோர் பண்றவங்க அந்த அம்பது வருஷத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு, சினிமாவுல பார்த்த அமெரிக்க நட்சத்திரத்தை ஒட்டினா அது சரித்திரத்தைக் காப்பாத்தறதா, அழிக்கிறதா?

எங்க புல்லட்டுக்கும் அதேதான். 1950கள்ல ராணுவம் ஆர்டர் கொடுத்ததாலதான் இந்த வண்டி இந்தியாவுல நிலைச்சது. 1955ல என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, இதோ பக்கத்துல திருவொற்றியூர்லயே ஃபேக்டரி வந்தது. அந்த நட்சத்திரத்துக்கும் இந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்? ஆனா அந்தக் கறுப்பு பெயிண்ட் பெரியப்பா கையால பிரஷ் வச்சு அடிச்சது. ஆர்.சி. புக் வாங்கறதுக்காக அவசரமா அடிச்சதுல கீழ் ஓரத்துல வழிஞ்சு நிக்குது. டேங்க் நசுங்கல், ஹைரோட்ல கன்டெய்னர் லாரி உரசினப்ப வந்தது. சீட்டுக்குப் பின்னாடி வெல்டு பண்ணின கம்பி கேஸ் சிலிண்டர் கட்டறதுக்கு. இதெல்லாம் எந்தக் கடையில வாங்க முடியும்?

சரி, அப்படியே போட்டு துருப்பிடிக்க விடலாமான்னு அண்ணன் கேட்டார். நம்ம ஏரியா உப்புக்காத்துல வண்டியை சும்மா விட்டா வருஷத்துல ஓட்டை விழும், உண்மைதான். அதனால ஓடுற பாகம் எல்லாத்தையும் ஒழுங்கா சரி பண்ணலாம். பிஸ்டன், பிரேக், ஒயரிங், டயர் எல்லாம் புதுசு போடுங்க. உயிர் விஷயம், அதுல பழமை பார்க்கக் கூடாது. துருவை எடுத்துட்டு எண்ணெய் போட்டுக் காப்பாத்துங்க. உடம்பு மேல இருக்கிற நிறத்தையும் தழும்பையும் மட்டும் விட்டுடுங்க. கழட்டின பழைய பாகத்தைப் பையில போட்டு வைங்க. எதை எப்ப மாத்தினோம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஏலத்துல கொடுத்த பேப்பர் இருந்தா லேமினேட் பண்ணுங்க.

இன்னொண்ணு. 2021ல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு கொடுக்கிறாங்க. 'வி.ஏ.' நம்பர், 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு. அதுலயும் சேசிஸ், பாடி, இன்ஜினை மாத்தாம அசல் வடிவத்துல இருக்கணும்னுதான் கேட்கிறாங்க.

ரெண்டு மணி நேரம் கத்தினோம். பெரியப்பா ஒண்ணும் பேசலை. கடைசியில எழுந்து போய், டேங்க்ல அந்த நசுங்கலுக்குப் பக்கத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு பிளேடால சுரண்டினார். கறுப்புக்குக் கீழ பச்சை தெரிஞ்சது.

"பார்த்துட்டீங்க இல்ல? அது உள்ளயேதான் இருக்கு, எங்கயும் போகலை. போய் கார்புரேட்டரைக் கழட்டுங்கடா" என்றார்.

வட்டம் அப்படியே இருக்கு. அண்ணன் இன்னும் முழுசா சமாதானம் ஆகலை :-) ஆனா போன வாரம் கிக்கர் மிதிச்சதுல மூணாவது மிதியில ஸ்டார்ட் ஆயிடுச்சு.