பழைய மோட்டாரும் அயலார் துயிலும்

பிறர்க்கு இன்னல் விளைத்தல் தகாது என்பதை அறியாதார் இலர். ஆயினும், அறியாமலே நாம் விளைக்கும் இன்னல்கள் பல. அவற்றுள் ஒன்று பழைய மோட்டார் வண்டியின் இரைச்சல். அதனை வீட்டிலேயே ஒருவர் தணித்துக்கொள்ளுதல் வெறும் பொழுதுபோக்கன்று. அயலார்க்குச் செலுத்தவேண்டிய கடனேயாம் என்பது என் துணிபு.

புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்த அரிமளம் எமது ஊர். நகரத்தார் எடுத்த நெடிய வீடுகளின் உயர்ந்த சுவர்கள் நிற்கும் வீதியில் எழும் ஓசை எளிதிற் சிதறுவதில்லை. சுவருக்குச் சுவர் மோதி ஓங்குகின்றது. எம் வீட்டில் ஒரு மாருதி 800 உண்டு. 1983 இல் விற்பனைக்கு வந்து, 2014 இல் உற்பத்தி நின்றுபோன சிறு வண்டி அது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில், புகையோடு வரும் நீர் உலராமற் சைலன்சருக்குள் தங்கித் துருப்பிடிக்கும். எம் வண்டிக்கும் அதுவே நேர்ந்தது. ஓட்டை விழுந்த சைலன்சருடன் நாள்தோறும் விடியுமுன் புறப்பட்டு வந்தேன்.

பல மாதங்கள் கழிந்த பின்னரே, எதிர்வீட்டு மூதாட்டியார் நோயினால் இரவெல்லாம் விழித்திருந்து, விடியற்காலையில் மட்டுமே கண்ணயர்வார் என்பதை அறிந்தேன். “முன்னமே சொல்லியிருக்கலாகாதா, ஆச்சி?” என்றேன். “பிழைப்புக்குப் போகிற பிள்ளையை என்னவென்று தடுப்பது, தம்பி?” என்றார். அம்மொழி என் நெஞ்சைச் சுட்டது. இடுக்கண் உறுவோர் முறையிடவில்லை என்பதனால் இடுக்கணே இல்லை என்று கொள்ளுதல் எத்துணைப் பேதைமை!

ஓசை பிறக்குமாற்றை அறியாது கைவைத்தல் கேடு. எமது வண்டியின் எஞ்சினில் உருளைகள் மூன்று. அது நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுழலுங்கால், எரிந்த வாயு விநாடிக்கு 75 முறை குழாயினுட் பாய்கின்றது. சைலன்சர் அவ்வாயுவைத் தடுப்பதன்று. அதன் அறைகளில் ஒலியலைகள் ஒன்றையொன்று எதிர்ப்பட்டு மெலிகின்றன. துளையிட்ட குழாயைச் சுற்றி அடைத்த கண்ணாடிப் பஞ்சும் ஓசையை உட்கொள்கின்றது. ஆதலின், குழாயை ஒடுக்கி ஓசையைக் குறைக்க முயல்வது பிழை, எஞ்சின் திணறும். விட்டம் குறையாத குழாயும் கொள்ளளவு மிகுந்த பெட்டியுமே தக்கன. இணைப்புகளிற் கசிவு கூடாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு உயிரையே கவரும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுதலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ப் புகுதலும் கூடா. பற்றவைக்க வேண்டுமாயின், குழாயைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்க. பெட்ரோல் தொட்டியருகே தீப்பொறி ஆகாது.

“வண்டியை மாற்றுதல் சட்டவிரோதமன்றோ?” எனச் சிலர் வினவலாம். பதிவுச் சான்றிற் கண்ட, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விதிப்பது உண்மையே. ஆனால், ஓசையை இயன்றமட்டும் குறைக்கும் சைலன்சர் இருத்தல் வேண்டுமென 1989 ஆம் ஆண்டு விதிகளுள் 120 ஆவது விதி கட்டளையிடுகின்றது. எனவே, பழுதுற்றதை அகற்றி, அவ்வகைக்குரிய புதியதைப் பொருத்துதல் சட்டத்தைப் பேணுதலேயாம். தம் எண்ணப்படி வகுத்த பெட்டியை அமைக்க விரும்புவோர், போக்குவரத்து அலுவலகத்தாரை முன்னரே உசாவுதல் நன்று. குடியிருப்புப் பகுதிகளிற் சுற்றுப்புற ஒலி பகலில் 55 டெசிபெலும், இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை 45 டெசிபெலும் கடத்தலாகாதென்பது 2000 ஆம் ஆண்டு விதி. விடியுமுன் புறப்படுவோர் இதனை நினைவிற் கொள்க.

நம் இளைஞருட் சிலரோ, நல்ல சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கிச் செல்வதைப் பெருமையெனக் கருதுகின்றனர். ஒருவன் வருவதை ஊரெல்லாம் அறிதலினும், அவன் சென்றதை ஒருவரும் அறியாதிருத்தலே சிறப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உழைத்து, அவ்வகைக்கே உரிய புதிய பெட்டியையும், அதனைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் பொருத்தினேன். சில நாள் சென்றபின் ஆச்சி, “வண்டியை விற்றுவிட்டாயா, தம்பி?” என்று வினவினார். நான் பெற்ற நற்சான்றுகளுள் அதனினும் மேலானது வேறில்லை.

அயலான் யாவன் என்பது தொன்றுதொட்டு வரும் வினா. நம் ஓசை எவர் செவியை எட்டுகின்றதோ அவரெல்லாம் நம் அயலாரே என்று உணர்ந்து ஒழுகுவோமாக.