பேரீச்சம்பழத்துக்குப் போகாத டிராக்டர்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுத் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சே இல்லை. முதலில் ‘கர்... கர்...’ என்று ஓர் இழுவை, பிறகு இரண்டு இருமல், அதன்பின் ‘தட தட தட’. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கோ கண் கலங்கிவிட்டது.

அது என் தாத்தாவின் டிராக்டர். ஆறு ஆண்டுகளாக வாய் திறக்காமல் நின்றது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளி விடுமுறைக்குப் போனால், தாத்தா ஓட்ட நான் மட்கார்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவேன். (இன்று எந்தப் பிள்ளையாவது அப்படி உட்கார்ந்தால் நானே இறக்கிவிடுவேன்!) தாத்தா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வண்டி கொட்டகையிலேயே நின்றது. அவர் இறந்த பிறகு பாட்டி சாவியை என் கையில் வைத்து, “இது உனக்குன்னு சொல்லிட்டுப் போனாருடி” என்றார். அப்பா சிரித்தார். “பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்.”

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நாம் வாழும் ஊர் அப்படி. 1990ல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறை, காருக்குப் பத்து ஆண்டு ஆயுள் என்று நம் மனத்தில் எழுதிவிட்டது. இந்த மாஸி ஃபெர்குசன் 1035 என்னைவிட ஐந்து வயது மூத்தது. 1960ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வண்டி. உள்ளே மூன்று சிலிண்டர் சிம்சன் இஞ்சின். சிம்சன், 1840ல் மதராசில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம்.

ஊர் மெக்கானிக் அண்ணனிடம் பேசினேன். “உடனே பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணிடக் கூடாது பாப்பா” என்றார் முதலில். நெடுநாள் நின்ற இஞ்சினில் சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும். வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் பிஸ்டன் ரிங் உடையலாம். அதனால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். பிறகு ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லத் திருப்பினார். அசைந்தது!

ஏர் கிளீனரில் எலிக்கூடு. டேங்கின் அடியில் துருவும் கசடும். டீசல் ஃபில்டர், இஞ்சின் ஆயில், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் புதிது. கடைசியில் டீசல் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். டீசல் இஞ்சின் மூச்சுவிடக் காற்று வேண்டும். ஆனால் டீசல் குழாயில் காற்றுக் குமிழ் புகுந்தால் வண்டி கிளம்பாது.

என் பங்குக்கு, வாட்டர் பம்ப் பேரிங்கின் எண்ணைக் கேட்டு வாங்கி, ஜாலான் புசாரில் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். பெருமையாகப் படம் அனுப்பினேன். “இது தஞ்சாவூர்லயே கிடைக்குமே பாப்பா” என்று பதில் வந்தது.

ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. உரிமையாளர் இறந்தால், 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் தேவை. நாங்கள் தள்ளிப்போட்டோம்; அதற்குத் தனி அலைச்சல்.

செலவைக் கூட்டிப் பார்த்தால், வண்டியை அப்படியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிட அதிகம். கணக்குப்படி நான் தோற்றவள்தான். ஆனால் இனி சித்தப்பா நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வாடகை வண்டி தேட வேண்டாம்.

அன்று மாலை அந்தப் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. “இன்னொரு தடவை போடு” என்றார். கண்ணை மூடிக் கேட்டார். “மூணுல ஒண்ணு சரியா அடிக்கல. நாசலைப் பார்க்கச் சொல்லு.”

நாள் முழுக்க ஒலியோடு வேலை செய்கிறேன். என் காதுக்கு அது எட்டவில்லை. சிங்கப்பூர் வருவதற்கு முன் இரண்டு சாகுபடிக்கு அந்த வண்டியை ஓட்டியவர் அப்பாதானாம். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மறுநாள் மெக்கானிக் அண்ணனிடமிருந்து சேதி: “அப்பா சொன்னது சரிதான். மாத்திட்டேன்.”

இப்போது அப்பா திருச்சிக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே போய்விட வேண்டுமாம். சாவியை என்னிடம் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தையல் இயந்திரமோ, வானொலிப் பெட்டியோ ஓடாமல் கிடக்கலாம். தூக்கிப் போடும் முன், அதை ஓட்டியவரை ஒருமுறை பேசவிட்டுக் கேளுங்கள்.