தொட்டி மீனை ஏரியில் விடலாமா?

சந்தையில் நாம் வாங்கும் ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீனன்று, ஆப்பிரிக்கத் திலேப்பியா. உணவுக்காக 1952-ல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காப்பதால் விரைந்து பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்தது. 1959-ல் அதனைப் பரப்பத் தடை விதித்தனர். ஏரிக்குள் புகுந்துவிட்ட மீன் தடையை அறியுமா?

அதன் உறவினமான மலாவி ஏரி வண்ண மீன்கள் இன்று வீட்டுத் தொட்டிகளை அழகு செய்கின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை வாயில் குஞ்சு காப்பவையே. வளர்ப்பதில் தவறில்லை. வளர்க்கச் சலித்தபின், புண்ணியம் என்றெண்ணி ஏரியில் விடுவதே தவறு. ஓருயிருக்குக் காட்டும் அவ்விரக்கம் பல்லுயிருக்குக் கேடாய் முடியலாம்.

மாணவ நண்பர்களே, வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்ப்போரிடமோ ஒப்படையுங்கள். நம் வேங்கிக்கால் ஏரியைக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் விட்டுவையுங்கள்.