சேவல் வேஷத்துக்கு எதுக்குடா நல்ல பிரிண்ட்டு?

டிஸ்கி: இது 'கந்தசாமி' பட விமர்சனம் இல்லை. அந்தப் படம் 2009 ஆகஸ்ட்ல வந்தப்போ நான் எல்கேஜி. விமர்சனம் எழுதற வயசு இல்ல. இப்பவும் பிகாம் படிக்கிறவன்கிட்ட சினிமா ஞானம் எதிர்பார்க்காதீங்க. கணக்கு மட்டும் கொஞ்சம் வரும், அதை வெச்சுதான் இந்தப் பதிவு.

போகிக்குப் பழசைக் கழிக்கறோம்னு ஆவடியில மாமா வீட்டுப் பரண்ல ஏறினேன். ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய டிவிடி. அதுல ஒண்ணு மூணு படம் ஒரே டிஸ்க்ல இருக்கிற வகை. மேல மார்க்கர் பேனாவுல "கோழி + 2" னு மாமா கையெழுத்து. கோழின்னா கந்தசாமிதான். (2004-லயே திருட்டு விசிடிக்காரங்களைக் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. மாமா வாங்கினவர்தான், வித்தவர் இல்ல. விட்டுடுங்க.)

படம் தெரியாதவங்களுக்கு: சுசி கணேசன் இயக்கம், தாணு தயாரிப்பு. விக்ரம் சிபிஐ அதிகாரி. திருப்போரூர் முருகன் கோயில் மரத்துல ஜனங்க மனு எழுதிக் கட்டுவாங்க. ராத்திரியானா விக்ரம் முகமூடி மாட்டி, சேவல் மாதிரி கொக்கரிச்சிக்கிட்டே வந்து அந்த மனுவையெல்லாம் நிறைவேத்துவார். முருகனோட கொடியில சேவல் இருக்கே, அந்த லாஜிக். எடுத்தவங்க முழு சீரியஸா எடுத்திருக்காங்க, நாம சிரிச்சிக்கிட்டே பாக்கறோம். எனக்கு இந்த மாதிரி படம்னா உசிரு.

ஆசையா மாமாவோட 43 இஞ்ச் டிவியில போட்டேன். முதல் ராத்திரி சண்டையிலேயே விக்ரமைக் காணோம். கறுப்பு, கரும்பச்சை, சாம்பல்னு சின்னச் சின்ன சதுரமா ஏதோ நகருது. நடுவுல ஒரு கொக்கரிப்பு. அவர் இருக்கார்னு அதை வெச்சுதான் தெரிஞ்சுது. போதாக்குறைக்கு படத்தைச் சுத்தி நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, தபால்தலை ஒட்டின மாதிரி.

மாமா அசரல. "அப்ப பாக்கச்சே பிரிண்ட்டு சூப்பரா இருந்துதுடா" ன்னார். அவர் சொன்னது பொய்யில்ல. அப்ப பாத்தது கலைஞர் ஆட்சியில குடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவியில. அந்தப் பொட்டியில எல்லா பிரிண்ட்டும் சூப்பர்தான், குறை தெரியற அளவுக்கு அதுல இடமே கிடையாது.

"சரி மாமா, இப்ப தெரியுதுல்ல?" ன்னேன்.

"தெரிஞ்சா என்ன? நாயகன், தேவர் மகன்னா நல்ல பிரிண்ட்டு கேளு, நியாயம். கோழி வேஷத்துக்கு எதுக்குடா?"

இங்கதான் மாமாவுக்கும் எனக்கும் சண்டை. மாமா மட்டும் இல்லீங்க, ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. நான் சொல்றது நேர் எதிர். நல்ல படம் மோசமான டிஸ்க்லயும் பொழைச்சுக்கும். மொக்கையான சூப்பர் ஹீரோ படத்துக்குத்தான் நல்ல டிஸ்க் வேணும்.

பராசக்தியை எடுத்துக்கோங்க. பிரிண்ட் எவ்வளவு கீறல் விழுந்திருந்தாலும் கோர்ட் சீன்ல வசனம் காதுல விழுந்தா போதும், ஆள் காலி. கந்தசாமியில வேஷம், கலரு, சத்தம் மூணையும் எடுத்துட்டா மிச்சம் என்ன? கறுப்புப் பணம் பத்தி ஒரு லெக்சர். அதுக்கு எங்க காலேஜ்லயே வருமான வரி பேப்பர் இருக்கு, நன்றி.

இப்ப நான் சொன்ன கணக்கு. விசிடியில வீடியோவுக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஆடியோவுக்கு 224. மொத்தம் 1374. ஒரு அடுக்கு டிவிடியில 4.7 ஜிபி இடம். படம் ரெண்டரை மணி நேரம்னு வெச்சு மூணு படத்தைத் திணிச்சா ஏழரை மணி நேரம், அதாவது 27,000 நொடி. வகுத்துப் பாருங்க, நொடிக்கு சுமார் 1390 கிலோபிட். விசிடியேதான்! டிவிடின்னு பேரு வெச்சு விசிடியைக் குடுத்திருக்கான். அதோட முடியல. விசிடி படம் 352க்கு 288 புள்ளி. டிவிடி 720க்கு 576, நாலு மடங்கு. நாலு பேருக்கு வெச்ச சாம்பாரைப் பதினாறு பேருக்கு ஊத்தினா எப்படி இருக்கும்? ராத்திரி சண்டையும் சேவல் உடுப்பும் ஓடற இடத்துலதான் பிட்டு நிறைய தேவை. அங்கதான் தண்ணி.

அந்தக் கறுப்புப் பட்டைக்கும் இதே கதைதான். ஸ்கோப் படத்தைப் பழைய 4:3 சட்டத்துக்குள்ள அடைச்சா 576 கோட்டுல சுமார் 327 கோடுதான் படம், மிச்சமெல்லாம் வெறும் கறுப்பு. அகல டிவியில போட்டா பக்கவாட்டுலயும் பட்டை வந்துடும்.

சத்தம் இன்னும் கொடுமை. தேவி ஸ்ரீ பிரசாத் இசை, பல பாட்டை விக்ரமே பாடியிருக்கார். இந்த டிஸ்க்ல தாளச் சத்தமெல்லாம் தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி சலசலங்குது. ஒழுங்கா 5.1 போட்ட டிஸ்க்லயும் நம்ம வீட்டுல வேற பிரச்சனை உண்டு. வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும், டிவியில இருக்கறதோ ரெண்டே ஸ்பீக்கர். அதுல மடிச்சுக் குடுக்கறப்போ வசனம் அமுங்கிடும், பாட்டு வந்தா பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துடுவார். அப்பா ரிமோட்டும் கையுமா உக்கார்றது இதனாலதான்.

நல்ல டிஸ்க்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சது பூந்தமல்லியில ஒரு நண்பன் வீட்டுல. அவன் அண்ணன் வெளிநாட்டுல இருந்து 1966 பேட்மேன் படத்தோட ப்ளூரே கொண்டுவந்திருந்தான். ஆடம் வெஸ்ட் நடிச்சது, ரப்பர் சுறா காலைக் கடிச்சிக்கிட்டுத் தொங்குமே, அதே படம். 2008-ல 'தி டார்க் நைட்' வந்த சமயத்துல இதையும் ப்ளூரேல விட்டாங்க. 42 வருஷப் பழைய படம். மக்களே, நேத்து எடுத்த மாதிரி இருக்கு! முகமூடி மேல பெயின்ட்ல வரைஞ்ச புருவம் தெரியுது. ஜோக்கரா வர்ற சீசர் ரொமேரோ மீசையை எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சவர், மீசை மேலேயே வெள்ளைச் சாயம் பூசிட்டாங்க. ப்ளூரேல அந்த மீசை முடி முடியா தெரியுது. மங்கலான காப்பியில அவர் சாதாரண ஜோக்கர். தெளிவான காப்பியிலதான் மீசையை ஒளிச்ச ஜோக்கர். எந்த ஜோக்கர் சிரிப்பு? சொல்லுங்க.

"சுத்தமா தெரிஞ்சா குட்டு வெளிப்பட்டுடுமே" ம்பீங்க. குட்டு வெளிப்படறதுதான் இந்தப் படங்களோட சொத்தே. தையல்காரர் ராத்திரி முழுக்க உக்காந்து தைச்சதும், விக்ரம் அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு வேர்வையில நின்னதும் கண்ணுக்குத் தெரியணும். அது தெரியாத காப்பியில மிஞ்சறது கிண்டல் மட்டும்தான்.

நம்ம ஊர்லயும் பழைய படத்தைச் சுத்தம் பண்றாங்க, இல்லேன்னு சொல்லல. 1964 கர்ணனை டிஜிட்டல்ல மெருகேத்தி 2012-ல விட்டப்போ நூறு நாளைத் தாண்டி ஓடுச்சு. 2022 டிசம்பர்ல பாபா கூட மெருகேறி வந்துச்சு (மந்திரம் சொல்லி வரம் வாங்கற ரஜினி, அதுவும் நம்ம கட்சிதான்). ஆனா இதெல்லாம் தியேட்டருக்கு. வீட்டுல வெச்சுப் பாக்க ஒழுங்கா ஒரு கந்தசாமி டிஸ்க் வேணும்னு நானும் கடை கடையா கேட்டுப் பாத்துட்டேன், கிடைக்கல. ஓடிடில பாத்துக்கோம்பாங்க. உரிமை முடிஞ்சா அங்கிருந்து படம் சொல்லாம கிளம்பிடும். டின்னுல இருக்கறதுதான் நம்மது.

காமர்ஸ்காரனா யோசிச்சா காரணம் புரியாம இல்ல. 2007 வாக்குல மோசர் பேர் கம்பெனி டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் விட்டு சந்தையையே கலக்குச்சு. திருட்டு டிஸ்க்கோட மோதணும்னா அந்த விலைதான் வழி. அந்தக் கம்பெனியே 2018-ல கலைப்புக்குப் போயிடுச்சு. விலை அங்க போய் நின்னப்புறம், ஒரு சேவல் படத்தோட நெகட்டிவைத் தேடி எடுத்து, புதுசா ஸ்கேன் பண்ணி, கலர் சரி பண்ண எவன் காசு போடுவான்? போட்டாலும் எத்தனை பேர் வாங்குவாங்க? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன். அவன்கிட்டயும் பஸ் பாஸுக்குப் போக மிச்சம் கம்மி.

போன வாரம் மாமாவை வம்பா பூந்தமல்லிக்கு இழுத்துட்டுப் போய் அந்த பேட்மேனைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பேசல. அப்புறம் டிவி கிட்ட போய் உத்துப் பாத்து, "ஏண்டா, மீசை வெச்சிருக்கான்?" ன்னார். அப்படியே கடைசி வரைக்கும் உக்காந்துட்டார்.

திரும்பி வர்றப்போ பஸ்ல அவரே ஆரம்பிச்சார்.

"நம்ம கோழிக்கும் இப்படி ஒண்ணு வந்தா சொல்லு, வாங்கலாம்."

"எவ்வளவு குடுப்பீங்க மாமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "முப்பத்தி நாலு ரூபா."