போர்வையின் பின்பக்கம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹாயோ ஆறும் டென்னசி ஆறும் கலக்கும் இடத்தில் படூக்கா என்றொரு சின்ன ஊர். மக்கள்தொகை 30,000-ஐக்கூடத் தொடாது. ஆனால், ஏப்ரலில் ஒரு வாரம் மட்டும் அங்கே தங்குவதற்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. உலகெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்குகிறார்கள். எதற்கு? போர்வை பார்க்க!

'குவில்ட்' என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரு துணி. இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துவைக்க ஊடே ஓடும் தையலுக்குத்தான் 'குவில்டிங்' என்று பெயர். குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் பிறந்த பொருள், இங்கே ஓவியம்போலத் தொங்குகிறது.

பில் ஷ்ரோடர், மெரடித் ஷ்ரோடர் என்ற தம்பதி 1984-ல் அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே முதல் போட்டிக் கண்காட்சி. 1991-ல் குவில்ட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம். 2013-ல் கைவினைக்கான படைப்பாக்க நகரமாகப் படூக்காவை யுனெஸ்கோ அறிவித்தது. ஊசியும் நூலும் ஓர் ஊரின் முகவரியையே மாற்றிவிட்டன.

சரி, போட்டிக்கு வந்த குவில்ட்டுகளை எப்படிப் பார்ப்பது? முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நிறமும் வடிவமும் அங்கிருந்துதான் பிடிபடும். பிறகு மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போங்கள். நட்சத்திரத்தின் கூர்முனைகள் சரியாகச் சந்திக்கின்றனவா, ஓரப்பட்டி ஒரே அகலத்தில் ஓடுகிறதா, தையல்கள் சமமாக இருக்கின்றனவா, பென்சில் கோடு எங்காவது மிச்சம் இருக்கிறதா? நடுவர்களும் இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அதுவும், தைத்தவர் யார் என்று தெரியாமல்.

ஒன்று மட்டும் கூடாது... தொடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல்கள் ஆயிரம் பட்டால் துணி என்னாகும்? அதற்காகவே வெள்ளைக் கையுறை அணிந்த தன்னார்வலர்கள் நிற்பார்கள். கேட்டால் போதும், ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். தைக்கத் தெரிந்த எவரும் முதலில் கேட்பது அதைத்தான். முகப்பில் நிறமும் டிசைனும் கண்ணைக் கட்டிவிடும். பின்பக்கத்தில் தையல் மட்டுமே பேசும்.

அந்தத் தையலை வைத்துத்தான் 1989-ல் பெரிய சர்ச்சை வெடித்தது. அந்த ஆண்டு கண்காட்சியின் உச்சப் பரிசை வென்றது கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் 'கொரோனா 2: சோலார் எக்லிப்ஸ்'. விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர் அவர். தானே சாயமேற்றிய துணிகளில், கிரகணச் சூரியனைச் சுற்றித் தெறிக்கும் ஒளியைக் கொண்டுவந்திருந்தார். ஆனால், அடுக்குகளை இணைத்த தையல் மெஷின் தையல். மெஷினில் குவில்டிங் செய்த படைப்பு அங்கே உச்சப் பரிசு பெற்றது அதுவே முதல் முறை.

கையால் தைப்பவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒரு பெரிய குவில்ட்டைக் கையால் தைத்து முடிக்க மாதங்கள் ஆகும், வருடங்கள்கூட ஆகும். அந்தப் பொறுமைக்கு இனி மதிப்பில்லையா என்று பயந்தார்கள்.

ஆனால், மெஷின் தானாகவா தைத்துவிட்டது? வளைந்து நெளியும் டிசைன் தைக்கும்போது, துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். மூன்றடுக்குப் போர்வையைச் சுருட்டி மெஷினின் குறுகிய இடைவெளிக்குள் நுழைத்து, இரண்டு கைகளாலும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கை வேகமாகப் போனால் தையல் நீளும், தயங்கினால் குறுகும். பேனாவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, காகிதத்தை நகர்த்திக் கோலம் வரைவதுபோல. வீட்டில் தையல் மெஷின் இருந்தால் பஞ்சு வைத்த சின்னத் துணியில் ஒரு முறை முயன்று பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் தோள்பட்டையே சாட்சி சொல்லும்.

இன்று அந்தக் கண்காட்சியில் கை வேலைக்குத் தனிப் பரிசு, மெஷின் வேலைக்குத் தனிப் பரிசு. ஒன்றை இன்னொன்றின் தராசில் நிறுக்காமல் இருப்பதுதான் நியாயம். அன்று சண்டை கிளப்பிய குவில்ட்டோ, அதே ஊர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இப்போது கம்ப்யூட்டரே டிசைனைப் பின்பற்றித் தைக்கும் பெரிய மெஷின்கள் வந்துவிட்டன. பழைய கேள்வி புது உடை போட்டு வந்திருக்கிறது. என் அளவுகோல் எளிமையானது. எதில் தைத்தார் என்பதைவிட, எந்த இடத்தில் அவரே முடிவெடுத்தார், எங்கே பிரித்துத் திரும்பத் தைத்தார் என்று பார்ப்பேன். நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும், முனை கோணியபோது நூலைப் பிரித்ததும் ஒரு மனிதர்தானே?

குவில்ட் கண்காட்சிக்குப் போகும் வாய்ப்பு எப்போதாவது அமைந்தால், பரிசு ரிப்பன் தொங்கும் வரிசையோடு திரும்பிவிடாதீர்கள். ரிப்பன் இல்லாத ஒன்றின் முன்னால் நின்று, கையுறை அணிந்தவரிடம் கேளுங்கள்: "கொஞ்சம் பின்பக்கம் காட்டுகிறீர்களா?"