எழுதி வைத்த பெண்: ரஜனி திராணகம



இம்மாதம் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்துபவர் வைத்திய கலாநிதி ரஜனி திராணகம. 1954இல் பிறந்த இவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராகக் கடமையாற்றினார். தெற்கைச் சேர்ந்த சிங்களவரான தயாபால திராணகமவை மணந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய்.

ஆரம்பத்தில் ரஜனி ஆயுதப் போராட்டத்தை ஆதரித்தார். பின்னர் அதிலிருந்து விலகி, அரச படை, இந்தியப் படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டார். யாழ்ப்பாணத்தில் பூரணி என்ற பெண்கள் இல்லத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போர் தொடுத்தது. அக்காலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கணவனை இழந்தவர்கள், படையினரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் எனப் பல பெண்களின் அனுபவங்களை ரஜனி கேட்டறிந்தார். அப்பெண்கள் தமிழில் சொன்னதை உலகம் அறியட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அது, அவரும் மூன்று சக ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிய நூலில் ஓர் அத்தியாயமாயிற்று. நூல் 1990இல் அச்சில் வந்தபோது ரஜனி உயிரோடு இல்லை. பிற்பாடு 'முறிந்த பனை' என்ற பெயரில் அது தமிழிலும் வந்தது.

1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ரஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று பரவலாகக் கூறப்பட்டது, அவ்வியக்கம் மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எமது நாவிதன்வெளியில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தம் இழப்புகளைப் பலரிடம் பலமுறை சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ எழுதிக்கொண்டு போனார்கள். என்ன எழுதினார்கள் என்று எமக்குத் தெரியாது. 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கைகூட முதலில் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. எமது துயரத்தை நாமே வாசிக்க முடியாவிட்டால், அதில் பிழை இருந்தாலும் திருத்துவது யார்?

ஆகவே சகோதரிகளே, தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்பதை நினைவில் வையுங்கள். வாக்குமூலம் கொடுத்தால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் ஒரு கொப்பியில் நடந்தது என்ன, எந்தத் திகதி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். வெளியில் காட்டினால் ஆபத்து வரும் என்று அஞ்சுகிறவர்கள் பாதுகாப்பாக மறைத்து வைத்திருங்கள்.

பிறருடைய கண்ணீரை எழுதி வைத்ததற்காக ரஜனி தன் உயிரையே கொடுத்தார். எமது கண்ணீரை நாம் எழுதி வைப்போம்.